கை வைத்தால்தான் பேச வேண்டும்

மின்சாரம் நம் இசைக்குள் வந்தபோதெல்லாம் யாரோ ஒருவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மோட்டார் சுழன்று முரசையும் மணியையும் தானே அடிக்கும் இயந்திரத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். செட்டிநாட்டில் சின்னக் கோயில்களுக்கும் அது வந்துவிட்டது. ஒரு காலத்தில் அந்த இடத்தில் தவிலும் நாகசுரமும் இருந்திருக்கும். இல்லையென்றால் சேகண்டி அடிக்க ஒரு பையனாவது நின்றிருப்பான். கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருந்தவரும் இப்படித்தான் காணாமல் போனார்.

சுருதிப் பெட்டி மேல் எனக்குக் கோபம் கிடையாது. புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான பெங்களூர் ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுத் தம்புராவைச் செய்தார். அதற்குப் பிறகு தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யும் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதுதான் துணை. அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் ஆளுக்குப் பதிலாக வைக்கும் பெட்டி என்பதைத் தாண்டி மின்னணுக் கருவியை நம் பக்கம் யாரும் அதிகம் யோசிக்கவில்லை என்ற ஏக்கம் எனக்கு உண்டு. யாருடைய இடத்தையும் கேட்காத, இதுவரை இல்லாத ஒரு குரலோடு வரும் கருவியைக் கட்ட முடியாதா?

காரைக்குடியில் பகலில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் பழுது பார்ப்பது என் தொழில். மாலையில் அதே சால்டரிங் அயர்னை வைத்துக்கொண்டு இந்தக் கருவிகளைக் கட்டுகிறேன். எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். கை வைத்தால்தான் கருவி பேச வேண்டும், கையை எடுத்தால் அடங்கிவிட வேண்டும். சுவிட்சைப் போட்டுவிட்டு எழுந்து போகக்கூடிய எதையும் நான் கட்டுவதில்லை.

இந்த வழியில் நம் நாட்டிலேயே ஒரு தொடக்கம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் மின்சுற்றுகளாலேயே ஒலியை உருவாக்கும் ஒரு மூக் சிந்தசைசர் வந்து இறங்கியது. இசைக்கலைஞர் கீதா சாராபாயின் முயற்சியில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை அங்கே நிறுவினார். கீதாவோடு சில இந்தியர்களும் மூன்று, நான்கு ஆண்டுகள் அதில் நாடாக்களைப் பதிவு செய்தார்கள். பிறகு அந்த அறை மூடப்பட்டது, நாடாக்கள் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்தன. அந்தத் தொடர்ச்சி அறுந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் டியூடர் எனக்கு முக்கியமானது அந்தச் சிந்தசைசரினால் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டிலேயே அவர் சாதாரணப் பொருள்களின் மேல் ஒலியதிர்வை ஏற்றி, அந்தப் பொருள்களையே ஸ்பீக்கராக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். செட்டிநாட்டில் பொருள்களுக்கா பஞ்சம்? அண்டா கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் மிக எளிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 555 ஐசியை, அதாவது ஒரே சில்லுக்குள் அடங்கிய டைமர் சுற்றை, ஹான்ஸ் காமன்சிண்ட் 1971இல் வடிவமைத்தார், அடுத்த ஆண்டு சிக்னெடிக்ஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்சாரத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் இரண்டு, தேக்கிவைக்கும் கன்டென்சர் ஒன்று போட்டால் அது அதிரத் தொடங்கிவிடும். முதல் ரெசிஸ்டரோடு இரண்டாவதை இருமுறை கூட்டி, அதைக் கன்டென்சரால் பெருக்கி, 1.44ஐ அந்தத் தொகையால் வகுத்தால் வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று கிடைக்கும். 10 கிலோ ஓம், 50 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட் என்று வைத்துப் பாருங்கள். விடை ஏறத்தாழ 131. அது ஒரு கட்டை சுருதியின் சட்ஜம். மூன்று சில்லறைப் பாகங்களிலிருந்து நேராகச் சட்ஜம் வந்து நிற்கும் அந்த இடம் எனக்கு எப்போதுமே புல்லரிப்புதான்.

பக்கத்தில் இன்னொரு 555ஐ வைத்துப் பிரிசெட்டை (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) திருகிப் பஞ்சமத்துக்குக் கொண்டுபோங்கள். 196ஐ நெருங்க நெருங்க ஓர் அலை விம்மும். முதலில் படபடவென்று, பிறகு மெல்ல, பிறகு மூச்சு விடுகிற வேகத்தில். அலை நின்ற இடத்தில் சுருதி சேர்ந்துவிட்டது. கீபோர்டில் இந்த அனுபவம் கிடைக்காது, ஏனென்றால் அதன் பன்னிரண்டு படிகளும் தொழிற்சாலையிலேயே சமமாக வெட்டப்பட்டவை. அதன் அந்தரகாந்தாரம் சட்ஜத்தோடு இயல்பாக இழையும் காந்தாரத்தைவிட 14 சென்ட் தூக்கலாக இருக்கும். சென்ட் என்பது ஓர் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன வித்தியாசம் யாருக்குக் கேட்கப்போகிறது என்று தோன்றலாம். தம்புராவோடு வளர்ந்த காதுக்குக் கேட்கும்.

ஆனால் 555 என் விதிக்குள் அடங்கவில்லை, பேட்டரி இருக்கும்வரை தானாகக் கத்திக்கொண்டே இருக்கிறது. அதனால் சிடி 40106 என்ற ஐசிக்கு மாறினேன். அதற்குள் ஆறு இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. நான் பழுது பார்க்கும் வீட்டு இன்வெர்ட்டர் அல்ல, உள்ளே வருவதைத் தலைகீழாக்கித் தரும் சின்னச் சுற்றுகள். ஒவ்வொன்றும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கன்டென்சரும் கிடைத்தால் அதிரும். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பித்தளைத் தகடுகளை வைத்து, தகட்டுக்கு ஒன்றாக விரல் வைத்தால் நம் தோலே ரெசிஸ்டர் ஆகிவிடுகிறது. உலர்ந்த விரலில் சில நூறு கிலோ ஓம் இருக்கும், ஆகவே கன்டென்சரை 0.01 மைக்ரோஃபாரடுக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வியர்த்த கைக்கு ஒரு குரல், காய்ந்த கைக்கு ஒரு குரல். 9 வோல்ட் பேட்டரியில் உடம்பு வழியாக ஓடும் மின்சாரம் மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான், குழந்தைகள் தாராளமாகத் தொடலாம். ஆம்ஸ்டர்டாமில் 1970களில் மிகேல் வைஸ்விஸ் செய்த கிராக்கிள் பெட்டியும் இந்தக் குடும்பம்தான். உடம்பே சர்க்யூட்டின் ஒரு பாகம்.

கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சியின் வீட்டில் கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் எல்லாம் கூடியிருந்தபோது இதை எடுத்துப்போனேன். பட்டாலையில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கைகோத்துக்கொண்டார்கள். வரிசையின் ஒரு முனையில் இருந்தவன் ஒரு தகட்டைத் தொட, மறுமுனையில் இருந்தவள் இன்னொன்றைத் தொட, வீடு முழுக்க ஒலி. ஒவ்வொருவராகச் சேரச் சேர ரெசிஸ்டன்ஸ் கூடிச் சுருதி இறங்கியது. நடுவில் ஒருவன் கையை உதறினால் ஒலி அப்படியே நின்றது. “ஏய், கைய விடாதடா!” என்று அத்தனை பேரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அது நல்ல கருவி. ஒருவர் விலகினால் வாசிக்க முடியாத கருவி வேறு எங்கே இருக்கிறது?

பித்தளைத் தகட்டில் ஒரு தொல்லை உண்டு. சில வாரங்களில் களிம்பு ஏறித் தொடுகை மந்தமாகிவிடும். புளி போட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்தால் போதும். பூச்செண்ணெய், பாலிஷ் எதுவும் வேண்டாம், அவை மின்சாரத்தைத் தடுக்கும்.

அந்த ஆச்சியிடம்தான் அண்டாவும் கிடைத்தது. செட்டிநாட்டு வீடுகளின் இரண்டாம் கட்டைத் தாண்டிய அறைகளில் பெண்ணுக்கு வைத்த சாமான்கள் அடுக்கடுக்காகக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பித்தளை, வெண்கலம், எனாமல் என்று எவ்வளவோ கல்யாணத்தன்று பரப்பி வைத்ததோடு சரி, பிறகு புழக்கத்துக்கு வருவதேயில்லை. “எங்க ஆத்தா வச்ச சாமான் தம்பி. ஓட்டை கீட்டை போட்டுறாதிய,” என்று சொல்லித்தான் கொடுத்தார். போடவில்லை. பசைநாடாவில் ஒட்டினதுதான் எல்லாம்.

அண்டாவின் வெளிப்பக்கம் ஒரு பீசோ வில்லை. அதிர்வை மின்சாரமாக்கும் இந்தப் பண்பைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தார்கள். இன்று அது பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும் பழைய பட்டன் டெலிபோனின் மணிக்குள்ளும் கிடக்கிறது. எதிர்ப்பக்கம் ஓர் எக்ஸைட்டர், அதாவது கூம்பு இல்லாத ஸ்பீக்கர். ஒட்டிய பொருளையே அது அதிர வைக்கும். பீசோவிலிருந்து ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து எக்ஸைட்டர், மறுபடி அண்டா, மறுபடி பீசோ. மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூவுமே, அதே வினைதான். ஆனால் இங்கே கூவுவது அண்டாவின் சொந்த அதிர்வெண். ஆம்ப்ளிஃபயரை ஒலி எழும் எல்லைக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்திவைத்துவிட வேண்டும். விரலால் ஒரு சுண்டு சுண்டினால் அண்டா நெடுநேரம் பாடும். உள்ளங்கையை விளிம்பில் வைத்தால் ஒரு சுரம் அடங்கி மேலே இன்னொன்று எழும். தண்ணீர் ஊற்றினால் ஜலதரங்கக் கிண்ணத்தைப் போலவே சுருதி இறங்கும்.

பீசோ வைத்துப் பார்த்த பலர், ஒலி தகரம் மாதிரி வருகிறதே என்று கைவிட்டுவிடுகிறார்கள். குற்றம் வில்லையினுடையது அல்ல. வில்லை ஒரு சின்னக் கன்டென்சர், சுமார் 20 நானோஃபாரட். அதை 10 கிலோ ஓம் உள்ளீட்டில் சொருகினால் 800 அதிர்வுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். அதாவது மனிதக் குரலின் அடித்தளமே போய்விடும். 1 மெகா ஓம் உள்ளீடு கொடுத்தால் அதே எல்லை 8க்கு இறங்கிவிடும். டிஎல் 072 போன்ற ஐசிக்குள் இருக்கும் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றை இடையில் தாங்கியாக வைத்து, அதற்குப் பிறகு ஸ்பீக்கரை இயக்கும் எல்எம் 386 ஐசிக்குக் கொடுங்கள். அதே அண்டாவுக்குள் எத்தனை பெரிய வயிறு இருக்கிறது என்று அப்போது கேட்கும்.

பழைய வீடுகளில் இன்னொரு விருந்தாளி அழைக்காமலே வருவார், 50 அதிர்வு இரைச்சல். மரச் சட்டங்களில் ஓடும் பழைய வயரிங், சரியில்லாத எர்த், நாலு பக்கமும் காற்றில் மின்புலம். பீசோ வயருக்கு ஷீல்டு, அதாவது உலோக உறை, இல்லையென்றால் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஷீல்டு வயர் போட்டால் பெருமளவு அடங்கும். ஆனால் எனக்கு அந்த இரைச்சலையும் பிடிக்கும். அதன் இரட்டிப்பான 100ஐச் சட்ஜமாக வைத்து 150இல் பஞ்சமம் சேர்த்துப் பாருங்கள். மின்தொகுப்பின் அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி, அந்த இடைவெளியிலும் சில நேரம் அதற்கு வெளியிலும் அது ஊசலாடிக்கொண்டே இருக்கிறது. எங்கோ மோட்டார்கள் ஓடத் தொடங்குவதும் நிற்பதும் உங்கள் சட்ஜத்தில் தெரியும். ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு முனையில் விரல் பட்டால்தான் இது முழுதாக எழும், உடம்பு ஏரியலாகிவிடுவதால். ஆக, இதுவும் என் விதிக்குள்தான் வருகிறது. இதைப் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயரில் மட்டுமே செய்ய வேண்டும்.

அந்த எச்சரிக்கையை இன்னும் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஆசை காட்டும் பொருள் கண்முன்னாலேயே கிடக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வால்வு ரேடியோப் பெட்டிகளைப் பார்த்தால் யாருக்கும் கை நீளும். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கன்டென்சரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். சர்வீஸ் தெரிந்தவர் அதை இறக்கிவிட்டுக் கொடுத்த பிறகு, நிலையம் மாற்றத் திருப்பும் கேங் கன்டென்சரையும் குமிழ்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். மின்தொகுப்பில் இணையும் எந்தப் பொருளையும் திறந்து விளையாட வேண்டாம். பேட்டரி பொம்மைகள் போதும். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரீட் கஸாலா மேசை இழுப்பறையில் கிடந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் உலோகத்தில் பட்டு விசித்திரமாகக் கத்தியதைக் கேட்டுத்தான், பொம்மைச் சர்க்யூட்டுகளை வேண்டுமென்றே திசைதிருப்பும் கலையைத் தொடங்கினார்.

அந்தக் கேங் கன்டென்சரால் ஒரு தெரெமின் கட்டினேன். ரஷ்யாவில் லெவ் தெர்மென் 1920ஐ ஒட்டிக் கண்டுபிடித்த கருவி, தொடாமலே வாசிப்பது. காதுக்கெட்டாத உயர் அதிர்வில் இரண்டு ஆசிலேட்டர்கள், அதாவது தாமே அதிரும் சுற்றுகள். ஏரியல் அருகே கை வரும்போது சுற்றின் கன்டென்சர் மதிப்பு துளி மாறி ஒன்று விலகும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நமக்குக் கேட்கிறது. அழகான யோசனை. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போகலாம், படியே கிடையாது. ஆனால் அதில் எனக்கு மனம் நிற்கவில்லை. காற்றில் பிடிப்பதற்கு எதுவுமில்லை. கமகத்துக்கு வழுக்கல் மட்டும் போதாது, எதிர்த்து இழுக்கும் ஒரு பொருளும் வேண்டும்.

இதைச் சொல்லித்தந்தது இந்த ஊர்தான். காரைக்குடி வீணைச் சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் பெயரால் உலகத்துக்குத் தெரிந்த ஊர் இது. மூத்தவர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர். வீணையில் மெழுகில் பதித்த, மெட்டு என்னும் இருபத்து நான்கு உலோகக் கட்டைகள் உறுதியான படிகள். அந்தப் படியில் நின்றுகொண்டே தந்தியை ஒதுக்கி இழுத்து மேலே இரண்டு மூன்று சுரங்களைத் தொட்டுவிட்டு வருவார்கள். படியும் வேண்டும், படியை மீறும் இழுப்பும் வேண்டும். மின்னணுக் கருவிகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கிறது.

இப்போது நான் கட்டிக்கொண்டிருப்பது இந்த இரண்டையும் சேர்க்கும் முயற்சி. உடைந்த கதவொன்றின் தேக்குப் பலகை, அதன் மேல் பித்தளை மெட்டுகள், ஓர் எஃகுத் தந்தி. ஒவ்வொரு மெட்டிலும் ஒரு பிரிசெட் இணைந்திருக்கிறது. தந்தியை அழுத்தி மெட்டைத் தொட்டால் அந்தப் பிரிசெட் 40106 ஆசிலேட்டருக்குள் வந்து சுருதி பிறக்கும். தொடாவிட்டால் சுற்றே முழுமையாகாது, ஆகவே ஓசை இல்லை. உள்ளீடு அந்தரத்தில் தொங்கி இரைச்சலைப் பிடிக்காமலிருக்க 10 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சுற்றின் நெகட்டிவ் பக்கத்துக்குப் போட்டேன். இதுவரை இது 1967இல் பிரையன் ஜார்விஸ் செய்த ஸ்டைலோஃபோனின் உறவுதான். அதில் பேனா போன்ற ஒரு முனையால் உலோகக் கட்டைகளைத் தொடுவார்கள்.

வேறுபாடு தந்தியின் வால்பக்கம். சாவி கொடுக்கும் பழைய சுவர்க்கடிகாரத்தின் ஸ்பிரிங்கிலிருந்து ஒரு துண்டு வெட்டி, தந்தியை அதில் கட்டினேன். தந்தியை இழுத்தால் ஸ்பிரிங் அசையும், அதன் நுனியில் ஒரு கறுப்பு அட்டை. அட்டை ஓர் எல்இடி விளக்குக்கும், வெளிச்சத்தால் மதிப்பு மாறும் ரெசிஸ்டரான எல்டிஆருக்கும் நடுவே பாதி மறைத்தபடி நிற்கிறது. இழுக்கும்போது விலகி வெளிச்சத்தை விடும், எல்டிஆரின் ரெசிஸ்டன்ஸ் குறையும், சுருதி ஏறும். மூன்றுக்கும் மேலே ஒரு மூடி, வெளி வெளிச்சம் புகாமல்.

இதில் நான் கணக்குப் போடாத ஒரு வரம் கிடைத்தது. எல்டிஆர் மந்தமான பொருள். வெளிச்சம் பட்டதும் ஓரளவு சீக்கிரம் மாறும், வெளிச்சம் போனபின் திரும்பி வர இன்னும் நேரம் எடுத்துக்கொள்ளும். அளவுமானி செய்பவர்களுக்கு அது குறை. இங்கே, சுருதி விரைந்து ஏறிச் சற்றுத் தங்கித் தளர்ந்து இறங்குகிறது. வெறும் வழுக்கலாக இருந்ததற்கு ஒரு வளைவு வந்தது. போட்டோடையோடு போன்ற ஒளி உணரும் பாகங்கள் இதைவிடப் பல மடங்கு வேகமானவை. நான் அவற்றைத் தேடிப்போகப்போவதில்லை.

40106 தரும் சதுர அலையில் ஒற்றைப்படை மேல்சுரங்கள் மட்டும்தான் இருக்கும், கேட்க வெறுமையாக இருக்கும். ஒரு ரெசிஸ்டர், ஒரு கன்டென்சரால் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கி, ஸ்பீக்கருக்குப் பதிலாக அண்டாவின் எக்ஸைட்டருக்கு அனுப்பினேன். வீணைக்குப் பலாமரக் குடம், இதற்குப் பித்தளை அண்டா. சில சுரங்களை அண்டா ஏந்திக்கொள்கிறது, சிலவற்றைக் கண்டுகொள்வதில்லை. இந்த ஓரவஞ்சனை எனக்குப் பிடித்திருக்கிறது, கருவிக்கு ஒரு சுபாவம் வந்துவிடுகிறது.

வீணை கற்றுத்தரும் டீச்சர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் அவர் கேட்டது, “இது வீணை மாதிரி கேக்கணுமா, தம்பி?”

“இல்ல டீச்சர். வீணை மாதிரி இழுத்தா வளையணும். அவ்வளவுதான்.”

நீண்ட நேரம் ஒன்றும் சொல்லாமல் இழுத்துப் பார்த்தார். அடானாவில் ஒரு பிடி, தோடியின் காந்தாரம். கீழ் மெட்டுகளில் வந்த அசைவு மேல் மெட்டுகளில் அதிகமாகத் தாவியது. காரணம் எளியது. மேலே பிரிசெட்டின் மதிப்பு குறைவு, ஆகவே எல்டிஆரின் அதே மாற்றம் அங்கே பெரிய பங்காகிவிடுகிறது. நான் அதைச் சர்க்யூட்டில் சரிசெய்யத் தயாரானேன். அவர் தடுத்துவிட்டார். “விடுங்க, கை கத்துக்கும். வீணையிலயும் மெட்டுக்கு மெட்டு இழுப்பு ஒண்ணா இருக்காது.” அரை மணி நேரத்தில் அவர் கை கற்றுக்கொண்டது. தோடி காந்தாரம் அண்டாவின் வயிற்றிலிருந்து எழுந்தபோது, உள்ளே சமையலில் இருந்தவர்கள் எல்லாம் வந்து நின்றுவிட்டார்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது அவர் ஒரே ஒரு குறை சொன்னார்: தாளத் தந்தி இல்லை. வீணையில் பக்கவாட்டில் மூன்று தந்திகள் உண்டு, சுண்டுவிரலால் மீட்டித் தாளத்தைத் தாங்குபவை. 40106இல் ஆறு இன்வெர்ட்டர்களில் மூன்றைத்தான் நான் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று ஒலி எழுப்ப, ஒன்று அதைத் தாங்கி வெளியே அனுப்ப, ஒன்று தந்தி மெட்டில் படும்போது மட்டும் வழிவிட. மிச்சம் மூன்று காலியாகக் கிடக்கின்றன. மேல் சட்ஜம், பஞ்சமம், அதற்கும் மேல் சட்ஜம். தொட்டதும் எழுந்து மெல்ல அடங்க ஒவ்வொன்றுக்கும் ஒரு டையோடும் ஒரு பெரிய கன்டென்சரும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடையிலிருந்து கூரியரில் வரச் சொல்லியிருக்கிறேன். சுண்டுவிரல் தொடுவதற்கான மூன்று பித்தளைக் கம்பிகளை இன்று மாலை புளி போட்டுத் தேய்க்க வேண்டும்.